மூன்றாவது கேள்வி

அரசாங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் மற்ற ஊர்களில் அதைக் கோப்பில் போட்டுக் கட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள். நாமக்கல் பக்கத்து முதன்மை வித்யாலயா உறைவிடப் பள்ளியை அப்படிக் குறை சொல்ல முடியாது. அங்கே எது வந்தாலும் அதற்குப் பாடத்திட்டம் போட்டு, கைடு அடித்து, பரீட்சை வைத்து, முதல் மதிப்பெண் வாங்கியவர் படத்தோடு கேட்டில் ஃபிளெக்ஸ் கட்டிய பிறகுதான் மறுவேலை பார்ப்பார்கள். டெங்குக் காய்ச்சல் பரவிய வருஷத்தில் ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டியை யாரும் கழுவவில்லை. ஆனால் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியில் பள்ளிக்கூடமே சென்டம் எடுத்தது. காய்ச்சலில் கிடந்த பிள்ளைகள் படுத்தபடியே எழுதினார்கள்.

ஆகவே, பாலியல் தொல்லையைத் தடுக்கக் குழு அமைக்க வேண்டும், ஊழியர்களுக்கும் மாணவிகளுக்கும் விழிப்புணர்வு தர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது தாளாளர் முருகானந்தம் கொஞ்சமும் கலங்கவில்லை. "போர்ஷன் எவ்வளவுங்க?" என்று மட்டும் கேட்டார். கோழிப் பண்ணையில் சம்பாதித்துவிட்டுக் கல்விக்கு வந்த மனிதர். கோழிகளையும் பிள்ளைகளையும் 'பேட்ச்' என்றுதான் சொல்வார். இரண்டிலும் நல்ல பேர் எடுத்தவர்.

சௌந்திரம் அந்தப் பள்ளிக்கூட வேனில் ஆயா. ஹாஸ்டலில் தங்காத பிள்ளைகளைக் காலையில் ஏற்றி, சாயங்காலம் இறக்கிவிட வேண்டும். புருஷன் நந்தகுமார் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு போர்வெல் போடப் போனவன். சத்தீஸ்கரில் இருக்கிறேன் என்பான், அடுத்த போனில் ஒடிசா என்பான், பொங்கலுக்குத்தான் வருவான். சம்பளம் பெரிதாக இல்லை. ஆனால் ஊழியர் பிள்ளை என்பதால் மகள் கயல்விழிக்கு அங்கே இலவசப் படிப்பு. கயல்விழி பதினொன்றாம் வகுப்பு, வகுப்பில் முதல் ரேங்க். அந்த ஒரு சீட்டுக்காகத்தான் சௌந்திரம் விடியுமுன் எழுந்து ஓடினாள்.

அவளுக்கு மேலே டிரான்ஸ்போர்ட் மேனேஜர் இளவழகன். தாளாளருக்குப் பங்காளி. அவன் சொல்லாமல் ஒரு வண்டி நகராது, அவன் இருக்கும்போது ஒரு வண்டி நிற்காது. கெட்டிக்காரன். வேனில் ஏறும்போது கைகொடுக்கிறேன் என்று இடுப்பில் கை வைப்பான். பிள்ளைகளை இறக்கி முடித்ததும், முதலுதவிப் பெட்டியைச் சரிபார்க்க வேண்டும், ஷெட்டுக்கு வா என்பான். அந்தப் பெட்டியில் இருந்ததெல்லாம் கொஞ்சம் பஞ்சும் ஒரு காலி டிஞ்சர் புட்டியும்தான். அவற்றை மாதக்கணக்கில் சரிபார்த்துக்கொண்டிருந்தான். சௌந்திரத்துக்கு அருவருப்பாக இருந்தது. பயமாகவும் இருந்தது. வீட்டுக்குப் போய் மகள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. தப்புச் செய்தவன் மட்டும் நிம்மதியாக விசில் அடித்துக்கொண்டு திரிந்தான்.

இந்தச் சமயத்தில்தான் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். 'தயங்காதீர்! பேசுங்கள்!' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஒரு புகார் எண். சௌந்திரம் தயங்கினாள், பிறகு தயங்கக்கூடாது என்று போட்டிருக்கிறதே என்று, சாப்பாட்டு வேளையில் வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்கி நின்று அந்த எண்ணுக்கு அடித்தாள்.

"சொல்லு சௌந்திரம்" என்றான் இளவழகன். "நானே கூப்புடலாம்னு இருந்தேன். பொழுதோட ஷெட்டுக்கு வந்துட்டுப் போ."

விஷயம் இதுதான். பள்ளி வண்டிகளின் பின்னால் 'டிரைவர் வேகமாகப் போனால் புகார் செய்ய' என்று ஏற்கெனவே ஓர் எண் எழுதியிருந்தது. பள்ளிக்கு ஒரு புகார் எண் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று அதையே போஸ்டரிலும் போட்டுவிட்டார்கள். சிக்கனம்.

மறுநாள் சௌந்திரம் முதல்வர் கலைமணி அறைக்குப் போய் நின்றாள். புகார்க் குழுவுக்குக் கலைமணிதான் தலைவி. சேலையில் ஒரு மடிப்புக் கலையாத அம்மா, குரல் உயர்த்தியே பேச மாட்டார்.

"புகார் தாராளமா குடுக்கலாம் சௌந்திரம். மொதல்ல போர்ஷன் முடியட்டும்."

"மேடம், மேனேஜரு என் மேல கை வெக்கறாருங்க."

"அது ரெண்டாவது பாடத்துல வருது. நாம இன்னும் மொதப் பாடத்துலயே இருக்கோம், வரலாறும் நோக்கமும்." கலைமணி கைடைப் புரட்டினார். "எது தொல்லை, எது தொல்லை இல்லைன்னு தெரியாம ஒருத்தர் புகார் குடுத்தா அது தப்பாப் போயிரும் பாருங்க. அதனால பரீட்சையில பாஸ் பண்ணுனவங்கதான் புகார் குடுக்கலாம்னு குழுவுல முடிவு பண்ணியிருக்கோம். நல்லாப் படிங்க."

குழு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளியாள் ஒருவரும் அதில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்குக் கேட்டுக்கு வெளியே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த செங்கோடனைப் போட்டார்கள். செங்கோடன் நல்ல மனிதர். கூட்டத்தில் யார் என்ன பேசினாலும் கடைசியில், "எத்தன காப்பிங்க வேணும்?" என்று மட்டும் கேட்பார்.

விழிப்புணர்வு விழா நடந்தது. பெண் ஊழியர்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தாளாளர் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. பாதுகாப்பப் பத்தி எனக்கு ஆரும் சொல்லித்தர வேண்டியதில்லீங்க. இருவது வருசம் பண்ணை வெச்சிருந்தவன். கூண்டுல பாத்தீங்கன்னா, ஒரு கோழிய இன்னொரு கோழி கொத்திப்போடும். கொத்துப்பட்ட கோழிய ஒடனே வெளிய எடுத்துருவோம். ரத்தத்தப் பாத்தா மத்த கோழி மெரளுமில்லீங்களா? கொத்துன கோழிய என்ன பண்ணுவோம்? ஒண்ணும் பண்ண மாட்டோம். அது நல்லாத் தீனி எடுக்குது, தெனம் முட்டை வுடுது. அதைய எதுக்குங்க தொந்தரவு பண்ணோணும்? பேட்ச் அமைதியா இருக்கோணும், அவ்வளவுதானுங்க பாதுகாப்பு."

முன்வரிசையைக் கேமரா பார்த்துக்கொண்டிருந்ததால் முன்வரிசை கைதட்டியது. சௌந்திரமும் தட்டினாள். மேடையோரம் நின்ற இளவழகன் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தான்.

பிறகு பரீட்சை. தமாஷ் இல்லை, பொதுத்தேர்வு போலவே. பெஞ்சுக்கு ஒருவர், வாசலில் சோதனை, பேனாவைத் தவிர ஒன்றும் உள்ளே போகக்கூடாது. சமையலம்மாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். வினாத்தாளில் மூன்றாவது கேள்வி இப்படி இருந்தது: 'நமது வளாகத்தில் பாலியல் தொல்லை உண்டா? விளக்குக.'

சௌந்திரம் கைடைப் படித்திருக்கவில்லை. வேலை முடிந்து வந்து சோறாக்கினால் கண் சொருகிவிடும். ஆனால் அந்தக் கேள்வியைப் படித்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேட்டுவிட்டார்களே! இத்தனை நாள் கழித்து ஒருத்தராவது கேட்டுவிட்டார்களே! அவள் எழுதினாள். பஞ்சு, டிஞ்சர் புட்டி, ஷெட்டு, அவன் அனுப்பிய மெசேஜ் எல்லாம் எழுதினாள். தாள் போதாமல் எழுந்து நின்று கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினாள். பத்தாவது பரீட்சையில்கூட அவள் கூடுதல் தாள் வாங்கியவள் இல்லை.

விடைத்தாள் வந்தது. மூன்றாவது கேள்விக்குப் பூஜ்யம். சிவப்பு மையில், 'கேட்டதற்கு மட்டும் விடையளிக்கவும். சொந்தக் கதை வேண்டாம்' என்று எழுதியிருந்தது. சௌந்திரம் ஃபெயில்.

ஊழியர்களிலேயே சென்டம் வாங்கியவன் ஒருவன்தான். மறுநாள் கேட்டில் ஃபிளெக்ஸ் ஏறியது. கோட்டுப் போட்ட மாதிரி கம்ப்யூட்டரில் செய்த இளவழகன், இரண்டு பக்கமும் பறக்கும் புறாக்கள், மேலே 'விழிப்புணர்வு நாயகன்'. காற்றில் அது படபடக்கும்போதெல்லாம் அவன் கண்ணடிப்பது போல சௌந்திரத்துக்குத் தோன்றியது. அதன் கீழேதான் அவள் வேன் தினமும் போய் வர வேண்டும்.

ஃபெயிலானவர்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ். இந்த இடத்தில் முதன்மை வித்யாலயாவின் பெருமைமிக்க ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கடைசி ரேங்க் எடுத்த பிள்ளையை முதல் ரேங்க் எடுத்த பிள்ளைக்குப் பக்கத்திலேயே ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். முதல் ரேங்க் சொல்லிக்கொடுக்கும், கடைசி ரேங்க் ஒப்பிக்கும். இப்படித்தான் அந்தப் பள்ளி வருஷா வருஷம் நூறு சதவீதம் காட்டுகிறது. பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், பெரியவர்களுக்கு ஒரு நியாயம் என்று அங்கே கிடையாது.

சௌந்திரம் வகுப்பறை வாசலில் நின்று பார்த்தாள். பெஞ்சில் பாதி இடம் விட்டு இளவழகன் உட்கார்ந்திருந்தான். கையில் கைடு.

"வா சௌந்திரம், உக்காரு. ரெண்டாவது பாடம், தேவையற்ற தொடுதல். அதுலதான் நீ கொஞ்சம் வீக்கு."

அவள் திரும்பி நடந்தாள். நடந்து நேராகக் கலைமணி அறைக்குள் போனாள். அனுமதி கேட்கவில்லை.

"மேடம், என்னைய வேலைய வுட்டு நிறுத்துனாலும் சரிங்க. அந்தாளு பக்கத்துல நான் உக்கார மாட்டேன்."

கலைமணி கதவைப் பார்த்தார். எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்தார். பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"இந்த மூணாவது கேள்வியில நானும் ஒருக்கா ஃபெயிலானவதான் சௌந்திரம். அப்பல்லாம் கைடு கெடையாது, தாளாளர் ரூம்ல வெச்சு வாயாலயே கேப்பாங்க. ரெண்டாந்தரம் பாஸ் பண்ணுனேன். அதுக்கப்பறந்தான் முதல்வர் ஆனேன்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடி போட்டதும் பழைய கலைமணி ஆகிவிட்டார். "கிளாஸுக்கு லேட் ஆகுது பாருங்க."

ஸ்பெஷல் கிளாஸுக்குப் போகாமல் சௌந்திரம் நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோது மாவட்டத்திலிருந்து ஆய்வுக் குழு வருகிறது என்று செய்தி வந்தது. ஆய்வு நாளில் மந்தப் பிள்ளைகளைக் கண்ணில் படாமல் வைப்பதும் அந்தப் பள்ளியின் வழக்கம்தான். ஃபெயிலான ஊழியர்கள் அத்தனை பேரையும் காலையிலேயே ஒரு வேனில் ஏற்றி, "ஊழியர் நலச் சுற்றுலா" என்று ஜேடர்பாளையத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அணைக்கட்டில் காவிரித் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு விழுந்தது. மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தார்கள். பூங்காவில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முதலில் அவரவர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபெயிலானவர்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

சௌந்திரம்தான் பக்கத்தில் இருந்த சமையற்கட்டு சென்னம்மாளைக் கேட்டாள். "ஏனுங்க அக்கா, உங்களுக்கு எந்தக் கேள்வில போச்சு?"

"மூணாவதுல."

"எனக்கும் மூணாவதுதானுங்க."

எதிரே உட்கார்ந்திருந்த வேதியியல் டீச்சர் தேவிப்ரியா மீனைக் கீழே வைத்தாள். எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., படித்தவள். "எனக்கும்" என்றாள். "கூடுதல் தாள் வாங்கி எழுதுனேன்."

அந்த வட்டத்தில் ஒருத்தி பாக்கியில்லை. எல்லோருக்கும் மற்ற கேள்விகளில் மார்க் வந்திருந்தது, மூன்றாவதில் பூஜ்யம். ஆள் மட்டும் வேறு வேறு. ஒருத்திக்கு ஸ்டோர் ரூம்காரர், ஒருத்திக்குக் கணக்கு வாத்தியார், சென்னம்மாளுக்குத் தாளாளருடைய தம்பி. சௌந்திரத்துக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. தான் ஒருத்திதான் மந்தம் என்று நினைத்திருந்தாளே!

"இப்பவே போலாம்" என்றாள் தேவிப்ரியா. "ஆய்வுக் குழு சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்க. எல்லாரும் ஒண்ணாப் போய் அவங்க முன்னாடி நிப்போம். ஒருத்தி சொன்னாத்தானே சொந்தக் கதை?"

அந்த ஒரு நிமிஷம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. பெண்கள் கைகூடக் கழுவாமல் எழுந்து ஓடி வேனில் ஏறிக்கொண்டார்கள். சென்னம்மாளை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். "வண்டிய எடு தமிழரசு!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

டிரைவர் தமிழரசு ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தான். "எடுக்கறேனுங்க. மேனேஜருக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு எடுத்தர்றேன். சொல்லாம எடுத்தா என்னைய வேலைய வுட்டுத் தூக்கிருவாப்ல."

சொன்னான். மேனேஜர், அப்படியே பரமத்தி வேலூர் போய் அங்கே டீசல் அடித்துக்கொண்டு வா என்றான். அங்கே போனால், பரிசல்துறைப் பக்கம் கோயிலையும் காட்டிவிட்டு வா என்றான். அப்புறம் டயர் பங்க்சர் என்று சொல்லச் சொன்னான். தமிழரசு அதையும் சொன்னான், பங்க்சர் ஆகாத டயரைக் கழற்றி மாட்டவும் செய்தான். அவர்கள் வந்து சேர்ந்தபோது ஆய்வுக் குழு போய்விட்டிருந்தது. கேட்டில் புது ஃபிளெக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது: 'மாவட்டத்தின் மிகப் பாதுகாப்பான வளாகம்'.

வீட்டில் கயல்விழி சந்தோஷமாக இருந்தாள். கையில் பளபளவென்று ஒரு பேனா.

"அம்மா, ஆய்வுக்கு வந்த ஆபீசரம்மா என்னைத்தான் எழுப்பிக் கேட்டாங்க, மூணாவது கேள்வி. நான் நிறுத்தாமச் சொன்னேன். 'இல்லை. நமது வளாகத்தில் அனைவரும் ஒரே குடும்பத்தினர். ஆகவே இங்கு அவ்வாறு நிகழ வாய்ப்பில்லை.' அப்படியே கை குலுக்கி இந்தப் பேனாவக் குடுத்தாங்க!"

சௌந்திரம் பேனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல பேனாதான்.

அடுத்த வாரம் அறிவிப்பு வந்தது. மறுதேர்விலும் தேறாத ஊழியர்களின் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு கிடையாது. பெற்றோர் விழிப்புணர்வில்லாதவராக இருந்தால் பிள்ளையின் எதிர்காலம் பாதிக்கும் என்று காரணமும் போட்டிருந்தார்கள். கயல்விழி அதைப் படித்துவிட்டுக் கைடை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் ரேங்க், கடைசி ரேங்க்.

"நீ போன தடவ என்னம்மா எழுதுன?"

சௌந்திரம் எப்படிச் சொல்வாள்? "என்னமோ எழுதுனேன் சாமி."

"நீயா எதுவும் எழுதாதம்மா. நீயா எழுதுனா மார்க் வராது. 'இல்லை'ன்னு ஆரம்பி. அதுக்கே பாதி மார்க்."

"நெசமாலுமே இருந்துச்சுன்னா?"

"என்னது?"

"இல்ல… ஒரு பேச்சுக்கு. நெசமா அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னா என்ன எழுதறது?"

கயல்விழி அம்மாவைப் பார்த்தாள். படிப்பு வராத பிள்ளையைப் பார்ப்பது போல, பொறுமையாக. "அது போர்ஷன்லயே இல்லம்மா" என்றாள்.

சௌந்திரம் மனப்பாடம் செய்தாள். சோறு வடிக்கும்போது சொல்லிப் பார்த்தாள், வேனில் பிள்ளைகளை எண்ணி ஏற்றும்போது வாய்க்குள் முணுமுணுத்தாள். மறுதேர்வில் அந்த மூன்று வரியை எழுதினாள். பேனா ஓர் இடத்திலும் நிற்கவில்லை. சென்டம். தேவிப்ரியாவும் சென்டம், சென்னம்மாளும் சென்டம். ஃபிளெக்ஸில் எல்லோர் படமும் வந்தது, நடுவில் பெரிதாக, அவர்களைத் தேற்றிவிட்ட ஆசானாக இளவழகன்.

ஆனாலும் சௌந்திரம் ஒன்றை மறக்கவில்லை. பாஸ் செய்தவர்கள் புகார் கொடுக்கலாம். அவள் பாஸ் செய்துவிட்டாள். அன்றைக்கே குழுவின் முன் போய் நின்றாள்.

கலைமணி அவளுடைய விடைத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது உங்க கையெழுத்துதானுங்களே?"

"ஆமாங்க."

"இங்க அப்படி நிகழ வாய்ப்பில்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நூத்துக்கு நூறும் குடுத்திருக்கோம். இப்பப் புகார எடுத்துக்கிட்டா அந்த மார்க்கத் திருப்பி வாங்க வேண்டி வரும். மார்க் போனா கயல்விழி…" கலைமணி முடிக்கவில்லை. சௌந்திரத்தின் முகத்தையும் பார்க்கவில்லை.

செங்கோடன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் ஏதோ வருத்தமாகத்தான் இருந்தது. "இதுக்குக் காப்பி ஒண்ணும் வேண்டாமுங்களா?" என்று கேட்டார்.

கொத்துப்பட்ட கோழியைக் கூண்டை விட்டு எடுத்தாக வேண்டும் அல்லவா? சௌந்திரத்தை வேனிலிருந்து எடுத்துச் சமையற்கட்டில் வெங்காயம் உரிக்கப் போட்டார்கள். வேலை சீக்கிரம் முடிந்தது, அவள் டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவாள். கயல்விழி சாயங்கால ஸ்டடி முடிந்து பள்ளியின் கடைசி டிரிப்பில் வருவாள். அந்த டிரிப்புக்கு வேறு ஆயா போடவில்லை. பெண் பிள்ளைகளின் பாதுகாப்பை ஏனோதானோ என்று விடக்கூடாது, சென்டம் வாங்கியவர் ஒருவர் கூடப் போக வேண்டும் என்று தாளாளர் உத்தரவு போட்டிருந்தார். மேனேஜரே கூடப் போனான்.

சௌந்திரம் போய்ச் சண்டை போட்டாள். கத்தினாள். அவர்கள் கைடின் நான்காவது பாடத்தைக் காட்டினார்கள்: 'தகுதி பெற்ற பாதுகாவலர்'.

ஒருநாள் கயல்விழி வந்து பையை இறக்காமல் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். சட்டைப்பையில் ஆபீசரம்மா கொடுத்த பேனாவைக் காணோம். தோசை ஊற்றிக்கொண்டிருந்த சௌந்திரம் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சாமி, ஒடம்புக்கு ஆகலையா?"

கயல்விழி முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"வேன்ல ஏதாச்சுமா? ஆராச்சும் ஏதாச்சும் பண்ணுனாங்களா கண்ணு? அம்மாகிட்டச் சொல்லு."

கயல்விழி நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, நிறுத்தாமல், தெளிவாகச் சொன்னாள்.

"இல்லை. நமது வளாகத்தில் அனைவரும் ஒரே குடும்பத்தினர். ஆகவே இங்கு அவ்வாறு நிகழ வாய்ப்பில்லை."

அந்த விடைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேன் நிறைய இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அடுப்பை அணைத்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.